குப்பை வண்டியைத் துரத்திய சாயங்காலங்கள்

"யார் வாங்கிக் குடுக்கிறது?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, இரண்டு விரல்கள் என்னைக் காட்டின. ஒன்று என் மகள் பெய்-ரோங்கின் விரல். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் பிறந்த நாளிலிருந்தே என்னைக் காட்டிக்கொடுப்பவள். இன்னொன்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி யூ-சென்னின் விரல். வருகிற வழியில் நான் வாங்கிக் கொடுத்த பொரித்த கோழியின் மிளகுத்தூள் அந்த விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தைனான் நகரத்தில் தபால்காரனாக இருந்தவன் நான். நானூறு நாய்கள் கடித்திருக்கின்றன. எந்த நாயும் இந்த ஆழத்துக்குக் கடித்ததில்லை.

"ஜவ்வரிசி உருண்டை மிதக்குமே, அந்த முத்துப் பால் டீ எத்தனை நாளைக்கு ஒண்ணு?"

"என்னைக்காவது ஒரு நாள் குடிப்பா டாக்டர்."

"தாத்தாவுக்கு எல்லா நாளும் என்னைக்காவதுதான்," என்றாள் பேத்தி.

டாக்டரம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் இரண்டு கோடுகள். உயரத்தைக் காட்டும் கோடு மாட்டு வண்டி மாதிரி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எடையைக் காட்டும் கோடு தைபேக்குப் போகிற அதிவேக ரயில். நான் ஏதோ ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஈரல்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிருக்கு," என்றார். பத்து வயதுக் குழந்தையின் ஈரல். 

"பட்டினி போடாதீங்க," என்றார். "எடை குறையணும்னுகூட இல்லை. வளர்ற பிள்ளை. எடை இப்ப இருக்கிற இடத்துலயே நின்னா போதும், உயரம் வந்து கணக்கைச் சரிபண்ணிடும். இனிப்புத் தண்ணி எதுவும் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குற மாதிரி ஓடி ஆடட்டும். நேரத்துக்குத் தூங்கட்டும். இவளுக்குன்னு தனிச் சமையல் செய்யாதீங்க, வீடு மொத்தமும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. முக்கியமா, குண்டுன்னு யாரும் கேலி பண்ணக் கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பெய்-ரோங் தீர்ப்புச் சொன்னாள். "அப்பா, மூணு மாசம். அந்தக் கோடு இதே மாதிரி மேல போச்சுன்னா, ஸ்கூல் விட்டதும் அவ நேரா டியூஷன் மையத்துக்குப் போயிடுவா. ஏழு மணி வரைக்கும் அங்கதான். உங்ககிட்ட விடமாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

மகள் தொழிற்பூங்காவில் வேலை செய்கிறாள், காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவாள். மருமகனுக்குக் காவோஷியுங் துறைமுகத்தில் வேலை, சனி ஞாயிறு மட்டும் முகம் காட்டுவார். ஆகவே நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் யூ-சென் என் சொத்து. ஒரு நாளின் மிச்ச இருபத்தோரு மணி நேரமும் நான் சுவர்க் கடிகாரத்துக்குத் துணை. அந்த மூன்று மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டால் நானும் கடிகாரமும் ஒருவரையொருவர் கொலை செய்துகொள்வோம்.

சும்மா சொல்லக்கூடாது, நான் உடனே திருந்தினேன். மறுநாளே டீக்கடையில் போய், "முழுச் சர்க்கரை வேண்டாம், அரைச் சர்க்கரை!" என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். எங்கள் ஊர்க்காரன் வாயிலிருந்து அது வருவது சாதாரண விஷயமில்லை. தைனானில் கருவாட்டுக்கும் சர்க்கரை போடுவோம், கண்ணீருக்கும் போடுவோம். மற்ற ஊர்க்காரர்கள் எங்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, இது சாப்பாடா, பாயசமா என்று கேட்பார்கள். கடைப் பெண் என்னை ஒரு துறவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த வாரம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அரையும் அரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தபால்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான்கு நாள் இந்த வைத்தியம் நடந்தது. ஐந்தாம் நாள் என் மழைக்கோட்டுப் பையில் எட்டு உறிஞ்சுகுழல்களை மகள் கண்டுபிடித்தாள்.

கத்தவில்லை. கையை நீட்டினாள். "ஸ்கூட்டர் சாவி."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஸ்கூட்டர் இருந்தா டீக்கடை ஒரு நிமிஷம். சாவிய குடுங்கப்பா. நடந்து கூட்டிட்டு வாங்க."

நடப்பதா! எங்கள் ஊரில் எதிர்வீட்டில் உப்புக் கடன் வாங்கவே ஸ்கூட்டரை எடுப்பார்கள். பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர் தூரம். ஸ்கூட்டரில் மூன்று நிமிடம். முதல் நாள் நடந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் ஒவ்வொரு பூனையிடமும் நின்றாள். நான் ஒவ்வொரு மர நிழலிலும் நின்று, என் கால்கள் இன்னும் உடம்போடுதான் இருக்கின்றனவா என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறோம், சந்து முனையில் பியானோ மெட்டு கேட்கிறது.

குப்பை வண்டி.

எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. மஞ்சள் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அவனவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கையாலேயே வண்டிக்குள் போட வேண்டும். இரண்டு நிமிடம் நிற்கும், போய்விடும். அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை வண்டி கிடையாது. என் பையில் முந்தின நாள் வாங்கிய பால்மீனின் தலை, குடல், செதில். மே மாத வெயில். வியாழன் வரை அதை வீட்டில் வைத்திருந்தால் பூனைகள் மனு கொடுக்கும், மனிதர்கள் ஊரைக் காலி செய்வார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு முனைக்கு ஓடினோம். வண்டியின் பின்புறம்தான் தெரிந்தது.

"தாத்தா, போயிடுச்சு!"

"எங்க போயிடும்? அடுத்து கோயில் வாசல்ல நிக்கும். சந்து வழியா ஓடு!"

"நானா?"

"நான் ஓடினா என்னையும் சேர்த்து வண்டியில போடணும்."

ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்! பை ஒரு பக்கம் ஆடியது, அவள் ஒரு பக்கம் ஆடினாள், பள்ளிக்கூடத் தண்ணீர்க் குடுவை கழுத்தில் மூன்றாவதாக ஆடியது. எங்கள் சந்துகளில் ஆள் நடக்கத்தான் இடம், ஸ்கூட்டர்கூட வெட்கப்பட்டுத்தான் நுழையும். துணி காயப்போட்ட மூங்கில்களெல்லாம் அவளுக்குக் கை தட்டின. கோயில் வாசலில் வண்டி அரை நொடியில் தப்பியது. பாலத்தடியில் கால் நொடியில் தப்பியது. நான் குறுக்கு வழியாகச் சந்தைப் பின்புறம் போய்ச் சேர்ந்தபோது, வண்டியின் பின்படியில் நிற்கும் ஆ-டே கையை ஆட்டிக் கூவிக்கொண்டிருந்தான்.

"வா வா வா! போடு பாப்பா! போடு!"

பத்தடி தூரத்திலிருந்து போட்டாள். மீன் தலைகள் வானத்தில் வில்லாக வளைந்து நேராக உள்ளே விழுந்தன. ஆ-டே கையுறையைக் கழற்றிக் கை தட்டினான். "அடி சக்கை! நாளைக்கும் வருவியா?"

"நாளைக்கு புதன். வண்டி கிடையாது," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்போ வியாழக்கிழமை!"

வெந்த இறால் மாதிரிச் சிவந்து போய் என்னிடம் வந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. "தாத்தா, நெஞ்சு டமடமன்னு அடிக்குது."

"டாக்டர் கேட்டது அதைத்தான். வேற என்ன பண்ணுது?"

"பசிக்குது."

கொய்யாப்பழமும் அவித்த முட்டையும் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீர். அவள் அதை முத்துப் பால் டீயைக் குடிப்பதுபோல் குடித்தாள்.

வியாழக்கிழமை வண்டி சரியான நேரத்துக்கு வந்தது, நாங்களும் சரியான நேரத்துக்கு முனையில் நின்றோம். பையைப் போடப்போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் தாத்தா. போகட்டும்." வண்டி நகர்ந்தது. இருபது வரை எண்ணினாள். பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல் பாய்ந்தாள். அன்றிலிருந்து இதுதான் விளையாட்டு. வாரத்தில் ஐந்து நாள் வேண்டுமென்றே வண்டியைத் தவறவிட வேண்டும், இருபது எண்ண வேண்டும், துரத்த வேண்டும். நான் தண்ணீரோடு சந்தைப் பின்புறம் காத்திருப்பேன். எங்கள் சந்தின் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதையும் எடுத்துட்டுப் போயேன்!" என்று தங்கள் பைகளையும் கொடுத்தார்கள். என் பேத்தி ஒரு கையில் மூன்று, இன்னொரு கையில் மூன்று என்று தூக்கிக்கொண்டு ஓடினாள். பளுதூக்கும் வீராங்கனைகள் பயந்து வேறு தொழிலுக்குப் போனதாகக் கேள்வி.

வெற்றி என் பக்கம் என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்து மூலிகை மருந்துக் கடையிலிருக்கும் தராசில் அவளை ஏற்றினேன், ரொம்பப் பெருமையாக, கடைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு.

ஒரு கிலோ இருநூறு கிராம் கூடியிருந்தது.

தராசைக் குலுக்கினேன். தரையில் வேறு ஓட்டின் மேல் நகர்த்திவைத்தேன். ஷூவைக் கழற்றச் சொன்னேன், பாக்கெட்டில் கல் இருக்கிறதா என்று தேடினேன். பாக்கெட்டில் கல் இல்லை. ஒரு குச்சி இருந்தது, சாசேஜ் குத்திக் கொடுக்கிற குச்சி.

"இது என்ன?"

"குவான் அக்கா குடுத்தாங்க. குப்பை எடுத்துட்டுப் போனதுக்கு." கொஞ்சம் யோசித்தாள். "கோயில்கிட்ட இருக்கிற அத்தை இறால் ரோல். ரிட்டையர்டு போலீஸ் தாத்தா அன்னாசி கேக். பாலத்தடி மாமா..."

"எல்லாரும் குடுத்தா நீ வாங்கிடுவியா?"

"'சாப்டாச்சா?'ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். பொய் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

இங்கேதான் எங்கள் ஊரின் விஷயம் இருக்கிறது. எங்களுக்கு 'சாப்டாச்சா?' என்பதுதான் வணக்கம். காலையில் அதுதான், மாலையில் அதுதான், இழவு வீட்டு வாசலிலும் அதுதான். மூன்று நாள் பட்டினி கிடந்தவனும் 'ஆச்சு ஆச்சு' என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். ஒருத்தன் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் போச்சு, கேட்டவர் அவன் வாயில் எதையாவது போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் ஏழு தலைமுறைக்கும் அவமானம். என் பேத்தி ஒரு நாளைக்கு இருபது முறை உண்மை பேசியிருக்கிறாள்.

அடுத்த ஆறு வாரத்தில் கோடு வளையாவிட்டால் நாலு மணிக்கு நான் யாரைக் கூட்டி வருவது? நேராகக் குவான் அக்கா வீட்டுக்குப் போனேன். சாசேஜ் கடை வைத்திருப்பவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், குரல் மட்டும் என்னைவிட இருபது வயது இளையது. சந்தில் சின்னதுக்கும் பெரியதுக்கும் அவர் அக்காதான்.

"தபால்காரரே, வாங்க! சாப்டாச்சா?"

"ஆச்சு. நூறு முறை ஆச்சு. அக்கா, பிள்ளைக்கு எதுவும் குடுக்காதீங்க."

கையில் இருந்த இடுக்கியை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒரு துண்டு சாசேஜ்ல பிள்ளை பெருத்திடுமா?"

"உங்க வீட்ல ஒரு துண்டு. சந்துல இருபத்து மூணு வீடு."

"ஓடி ஓடி எனக்குக் குப்பை எடுத்துட்டுப் போகுது. வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா? நான் என்ன மனுஷியா, மரமா? பேரப்பிள்ளைக்கு டீயா வாங்கி வாங்கி ஊத்தினவரு நீங்க, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க!"

"நான்தான் பெரிய குற்றவாளி அக்கா. ஒத்துக்கறேன். நீங்க எல்லாம் என் கூட்டாளிங்க." பிறகு ஈரல் சமாச்சாரத்தைச் சொன்னேன்.

"ஈரலா? பத்து வயசுலயா?" முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  பூகம்பத்தின்போதுகூடக் குரலைத் தாழ்த்தாதவர் அவர். "குண்டா கொழுகொழுன்னு இருந்தா ஆரோக்கியம்னுல்ல நினைச்சேன்," என்றார் சின்னக் குரலில்.

"நானும்தான்."

அன்று சாயங்காலமே கோயில் முற்றத்தில் சந்தின் பெரியவர்களையெல்லாம் கூட்டினார். யாரும் பிள்ளைக்குத் தீனி கொடுக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 'சாப்டாச்சா' என்று கேட்கவும் கூடாது என்றால், பிள்ளையைப் பார்த்ததும் என்னத்தைச் சொல்வது? வாய் தானாகத் திறக்கிறதே!

"அடையாள அட்டை எங்கேன்னு கேக்கலாம்," என்றார் ரிட்டையர்டு போலீஸ்காரர் வெய். நாற்பது வருஷப் பழக்கம்.

"உன்ன யாரும் இனிமே வீட்டுக்குள்ள விடமாட்டாங்க," என்றார் பாலத்தடி மாமா.

ஒருவர் குனிந்து கும்பிடலாம் என்றார். இடுப்பு இருப்பவர்கள் மட்டும் என்று பதில் வந்தது. இன்னொருவர் வானிலை கேட்கலாம் என்றார். தைனானில் வானிலையா? வெயில், வெயில், புயல், வெயில். கடைசியில் குவான் அக்கா எழுந்தார். "ஓடியாச்சா?" என்றார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? இங்கேதான் ஆரம்பித்தது. பழக்கம் என்பது பொல்லாத பிராணி. 'சாப்டாச்சா'வுக்கு 'இல்லை' என்றால் கேட்டவர் சோறு போட வேண்டும் அல்லவா? அப்படியானால் 'ஓடியாச்சா'வுக்கு 'இல்லை' என்றால்? கேட்டவர் கூட ஓட வேண்டும்! யாரும் விதி போடவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஐந்தரை மணிக்கு யூ-சென் வாசலுக்கு வந்தாள்.

"ஓடியாச்சா?" என்றார் குவான் அக்கா.

"இல்லை அக்கா."

குவான் அக்கா அடுப்பைப் பார்த்தார், சாசேஜைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அடுப்பை அணைத்தார். தன் குப்பைப் பையைத் தானே தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வாரக் கடைசிக்குள் சந்தே ஓடியது. ஓட முடியாதவர்கள் நடந்தார்கள், நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் வேகமாகத் தள்ளப்பட்டார்கள். வெய் அண்ணன் விசில் ஊதிக்கொண்டு போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார், அங்கே போக்குவரத்தே கிடையாது. எல்லோருக்கும் முன்னால் என் பேத்தி, "இருபது எண்ணணும்! ஏமாத்தக்கூடாது!" என்று திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே. ஆ-டே முதல் நாள் எங்களைப் பார்த்துவிட்டு, மறியல் செய்ய வருகிறார்கள் என்று பயந்து டிரைவரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னான். அதனால் அன்று எல்லோருக்கும் ஒரு நிறுத்தம் கூடுதல். பாலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். எங்கள் சந்துக்குச் சம்பந்தமே இல்லாத பதினெட்டுப் பேர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன குடுக்கிறாங்க? இலவசமா?" என்று ஒரு அம்மாள் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல!"

"அப்புறம் எதுக்கு ஓடுறீங்க?"

"நீங்க எதுக்கு ஓடுறீங்க?"

 அந்த அம்மாள் சந்தை வரை ஓடி வந்தார். மறுநாளும் வந்தார்.

வீட்டிலும் சமையல் மாறியது. நூடுல்ஸில் கீரை பாதி ஏறியது, சர்க்கரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. பெய்-ரோங் வந்ததும் மூவரும் ஒரே சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பேத்தி ஒன்பது மணிக்கெல்லாம் புத்தகப் பையின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிழுந்தாள், கைப்பேசி பக்கத்தில் அநாதையாகக் கிடந்தது. நான் மட்டும் முதல் இரண்டு வாரம் கனவில் கரும்புத் தோட்டத்தை மேய்ந்தேன்.

ஆகஸ்ட்டில் டாக்டரம்மாவிடம் போனோம். உயரம் பார்த்தார், எடை பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அது தபால்பெட்டி மாதிரி மூடியிருந்தது.

"மூணு மாசத்துல எடை அரைக் கிலோதான் கூடியிருக்கு. உயரம் ரெண்டு சென்டிமீட்டர்." திரையைத் திருப்பினார். அதிவேக ரயில் ஒரு நிலையத்தில் வந்து நின்றிருந்தது. "ஈரல் எண்ணும் கொஞ்சம் இறங்கியிருக்கு. இன்னும் பாதை இருக்கு, விட்டுடாதீங்க. ஆனா இது நல்ல ஆரம்பம். என்ன பண்ணீங்க?"

"குப்பை போட்டோம்," என்றாள் யூ-சென்.

வாசலில் பெய்-ரோங் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதன் வாரைச் சரிசெய்தாள். "சாயங்காலம் உங்களுக்குத்தான்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எட்டடி உயரம் குதித்தேன். கீழே இறங்குவதற்குள் பேத்தி வாயைத் திறந்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடம் திறந்ததும் செவ்வாய், வியாழன் தாத்தா வர வேண்டாம்."

"ஏன்?"

"கயிறு இழுக்கிற அணியில சேர்ந்துட்டேன். நான் ஆறு பையோட ஓடுறத கோச் சந்தையில பார்த்தாராம். கடைசி ஆளா நிக்கச் சொல்லியிருக்கார். கடைசி ஆள்தான் ரொம்ப முக்கியம். பயிற்சி ஆறு மணி வரைக்கும்."

பெய்-ரோங் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். மூன்று மாதம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஐந்து சாயங்காலத்தில் இரண்டை, டியூஷன் மையம் தொடாமலேயே, அவளே எடுத்துக்கொண்டு போகிறாள்! துரோகம்! உலக வரலாற்றிலேயே இவ்வளவு இனிப்பான துரோகம் நடந்ததில்லை. அன்று ராத்திரி முழுக்கக் கடிகாரத்திடம் அவளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே பெருமையடித்தேன்.

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு நான் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றேன். தற்செயலாகத்தான். பக்கத்தில் வெய் அண்ணன், அவரும் தற்செயலாகத்தான். குவான் அக்காவும் தற்செயலாக முக்காலி கொண்டுவந்திருந்தார். உள்ளே எட்டுப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதிரே இழுக்க ஆளில்லாமல் தூணில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோச் வேலிப் பக்கம் திரும்பினார். "அங்க சும்மா நிக்கிற பெரியவங்களே! உள்ள வாங்க, மறுமுனையப் பிடிங்க!"

பிடித்தோம். நான் முன்னால், வெய் அண்ணன் நடுவில், குவான் அக்கா பின்னால், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடக் காவலாளி. விசில் ஊதியது. எதிர்முனையில் என் பேத்தி கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் குத்தி, வானத்தைப் பார்த்துச் சாய்ந்தாள். அவ்வளவுதான் தெரியும். அடுத்த நொடி நாங்கள் நாலு பேரும் மைதானத்தில் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். என் ஷூ ஒன்று பின்னால் நின்றுவிட்டது. குவான் அக்கா எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார்.

"தாத்தா, கயித்த விட்டுடாதீங்க!" என்று கத்தினாள் யூ-சென்.

விடுவேனா? என் செவ்வாயும் வியாழனும் அதன் மறுமுனையில் அல்லவா இருக்கின்றன.